யு.எம்.எல். கற்போம்: கோட் எழுதுமுன் வரைய வேண்டிய படங்கள்



நமதூரில் கணினி அறிவியலும் பொறியியலும் படிக்கும் மாணவ, மாணவியர் எல்லோரும் ஏதாவது ஒரு செமஸ்டரில் யு.எம்.எல். என்ற சொல்லைச் சந்திக்கிறார்கள். யூனிஃபைடு மாடலிங் லாங்குவேஜ் என்பதன் சுருக்கம் அது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையில் மென்பொருள் உருவாக்குமுன் அதன் அமைப்பையும் இயக்கத்தையும் படமாக வரைவதற்கான பொதுவான குறியீட்டு முறை. பலருக்கு இது ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கும் சடங்காகவே முடிந்துவிடுகிறது. படம் எதற்கு என்பது புரியாமலேயே தேர்விலும் தேறிவிடுகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ரெகுலேஷன்களில் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன் என்ற பாடம் சி.எஸ்.இ. மாணவர்களுக்கு ஐந்தாம் செமஸ்டரில் இருந்தது. அதன் லேப் பயிற்சிப் பட்டியலில் பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ் போன்ற தலைப்புகள் வரும். பாஸ்போர்ட் அலுவலகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று மாணவருக்குத் தெரியாது. எனவே சீனியரின் நோட்டைப் பார்த்து வரைவார். வரைந்தது சரியா, தவறா என்று கேட்டுப் பார்க்கவும் ஆள் இருக்காது.

ஆகவே இக்கட்டுரையில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம்: ஒரு பைத்துல்மாலின் கணக்கு. ரியாத், ஜித்தா, துபை, சிங்கப்பூர், ஹாங்காங் என நம் மக்கள் வாழும் இடங்களிலெல்லாம் நல மன்றங்கள் இருக்கின்றன. கல்விக்கும் மருத்துவத்திற்கும் உதவி சேர்த்து ஊருக்கு அனுப்புவதும், விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும் நமக்குப் புதிதல்ல. அந்த வேலைக்கு ஒரு மென்பொருள் எழுதச் சொன்னால் எப்படித் தொடங்குவது? இங்கே வரும் பைத்துல்மால் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டது. எந்த அமைப்பின் நடைமுறையும் அல்ல.

யு.எம்.எல். வந்த கதை

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் சிந்தனை 1960-களில் நார்வேயில் உருவான சிமுலா மொழியிலிருந்து வருகிறது. 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் அம்முறை பரவியபோது, ஆளுக்கொரு குறியீட்டு முறையில் படம் வரைந்தார்கள். கிரேடி பூச்சின் முறையில் கிளாஸ் என்பது மேகம் போன்ற வடிவம். ஜேம்ஸ் ரம்பாவின் ஓ.எம்.டி. முறையில் அது செவ்வகம். ஒரு குழுவின் படம் இன்னொரு குழுவுக்குப் புரியாது.

1994-ல் ரம்பா, பூச் பணியாற்றிய ரேஷனல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1995-ல் யூஸ் கேஸ் என்ற கருத்தைத் தந்த சுவீடன் நாட்டு இவார் ஜேக்கப்சனும் இணைந்தார். மூவரின் முறைகளும் ஒன்றாகி, ஓ.எம்.ஜி. எனப்படும் ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் 1997 நவம்பரில் யு.எம்.எல். 1.1-ஐப் பொதுத் தரமாக ஏற்றது. 2005-ல் 2.0 வந்தது. 2017 டிசம்பரில் வெளியான 2.5.1 பதிப்பே இன்று பின்பற்றப்படுவது. யு.எம்.எல். ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டுள்ளது.

இதில் 14 வகைப் படங்கள் உள்ளன. அமைப்பைக் காட்டுபவை ஏழு: கிளாஸ், ஆப்ஜெக்ட், பேக்கேஜ், காம்போனென்ட், காம்போசிட் ஸ்ட்ரக்சர், டிப்ளாய்மென்ட், ப்ரொஃபைல். இயக்கத்தைக் காட்டுபவை ஏழு: யூஸ் கேஸ், ஆக்டிவிட்டி, ஸ்டேட் மெஷின், சீக்வென்ஸ், கம்யூனிகேஷன், டைமிங், இன்டராக்ஷன் ஓவர்வியூ. பதினான்கையும் பார்த்து மலைக்க வேண்டாம். யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ், ஸ்டேட் மெஷின் ஆகிய நான்கும் தெரிந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

முதலில் எழுத்து

படத்துக்கு முன்னால் ஒரு பக்கம் எழுத வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் 2:282 வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். பின்னாளில் சந்தேகமும் சச்சரவும் வராமல் இருக்கவே எழுத்து. மென்பொருள் வேலையிலும் அப்படித்தான். பொருளாளரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"நன்கொடையாளர் பணம் தருவார். ஜகாத்தா, ஸதகாவா என்று சொல்வார். ரசீது கொடுப்போம். உதவி வேண்டுவோர் விண்ணப்பம் தருவர். தேர்வுக் குழு பார்த்து முடிவு செய்யும். ஏற்கப்பட்டால் நான் பணம் வழங்குவேன்."

இந்த ஆறு வரிகளே நம் மூலப்பொருள். இதில் பெயர்ச்சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள்: நன்கொடையாளர், பணம், ஜகாத், ஸதகா, ரசீது, விண்ணப்பம், தேர்வுக் குழு. இவற்றில் சில கிளாஸ்களாக மாறும். வினைச்சொற்களைத் தனியே குறியுங்கள்: தருவார், கொடுப்போம், முடிவு செய்யும், வழங்குவேன். இவை யூஸ் கேஸ்களாகவும் மெத்தட்களாகவும் மாறும்.

படம் 1: யூஸ் கேஸ்

யார் இந்த மென்பொருளை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதைக் காட்டும் படம் இது. ஒரு பெரிய செவ்வகம் வரையுங்கள். அதுவே மென்பொருளின் எல்லை. வெளியே குச்சி மனித உருவங்கள் ஆக்டர்கள்: நன்கொடையாளர், விண்ணப்பதாரர், பொருளாளர், தேர்வுக் குழு உறுப்பினர். உள்ளே நீள்வட்டங்கள் யூஸ் கேஸ்கள்: நன்கொடை பதிதல், விண்ணப்பித்தல், விண்ணப்பத்தை முடிவு செய்தல், உதவி வழங்குதல். யாருக்கு எதில் வேலையோ, அந்த இரண்டையும் கோட்டால் இணைக்க வேண்டும்.

மாணவர்கள் இதில் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மூன்று:

1. ஆக்டரை ஒரு தனி மனிதராக நினைப்பது. ஆக்டர் என்பது ஒரு பொறுப்பு. பொருளாளரே தம் ஜகாத்தைச் செலுத்தும்போது நன்கொடையாளர் ஆகிறார். ஆள் ஒருவர், ஆக்டர் இரண்டு.

2. வேலை நடக்கும் வரிசையைக் காட்ட நீள்வட்டங்களை அம்புகளால் கோப்பது. வரிசையைக் காட்ட வேறு படங்கள் இருக்கின்றன.

3. "பட்டனை அழுத்துதல்", "பெயரை நிரப்புதல்" போன்ற சிறு செயல்களை யூஸ் கேஸ் ஆக்குவது. ஆக்டருக்கு ஒரு பலன் கிடைத்து முடிவதே யூஸ் கேஸ்.

இந்த எளிய படமே ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பும். விண்ணப்பதாரரின் பெயரையும் குடும்ப நிலையையும் யார் யார் பார்க்கலாம்? நன்கொடையாளருக்கும் "விண்ணப்பத்தைப் பார்த்தல்" என்பதற்கும் இடையே கோடு போடலாமா? உதவி பெறுபவரின் மானம் சம்பந்தப்பட்ட கேள்வி இது. அந்தக் கோடு வேண்டாம் என்று நிர்வாகிகள் முடிவெடுத்தால், அந்தத் திரையே நன்கொடையாளருக்கு இருக்கக் கூடாது என்பது கோட் எழுதுமுன்பே தெளிவாகிவிடும்.

படம் 2: கிளாஸ்

யு.எம்.எல்.லின் மையப் படம் இதுதான். கிளாஸ் என்பது ஓர் இனத்தின் பொது வடிவம். ஆப்ஜெக்ட் என்பது அந்த இனத்தில் ஒன்று. விண்ணப்பம் என்பது கிளாஸ். மேசை மீதிருக்கும் 47-ஆம் எண் விண்ணப்பம் ஆப்ஜெக்ட். கிளாஸை மூன்று அறைகள் கொண்ட செவ்வகமாக வரைவோம். மேலறையில் பெயர், நடுவில் விவரங்கள், கீழறையில் அது செய்யக்கூடிய வேலைகள்.

புதிதாக வரைபவர் பெரும்பாலும் இப்படி வரைவார்: பைத்துல்மால் என்று ஒரு கிளாஸ், அதில் "மொத்த இருப்பு" என்று ஒரு விவரம். நன்கொடை என்று இன்னொரு கிளாஸ், அதில் தொகை, தேதி, வகை. வகை என்ற இடத்தில் ஜகாத் அல்லது ஸதகா என்று எழுதிக்கொள்ளலாம். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். ஜகாத்தாக ரூ.10,000, ஸதகாவாக ரூ.15,000 வந்திருக்கிறது. மொத்த இருப்பு ரூ.25,000. அலுவலகக் கட்டடப் பழுது பார்க்க ரூ.20,000 செலவு. மென்பொருள் இருப்பைப் பார்க்கிறது, போதுமான பணம் இருக்கிறது, அனுமதிக்கிறது. மீதி ரூ.5,000. கணக்கில் ஒரு பைசா பிழையில்லை. ஆனால் ஸதகா ரூ.15,000 தீர்ந்து, ஜகாத்திலிருந்து ரூ.5,000 கட்டடத்துக்குப் போய்விட்டது. ஜகாத் பெறத் தகுதியானோர் ஏழைகள், வறியவர்கள், ஜகாத்தை வசூலிக்கும் பணியாளர்கள், கடனாளிகள், வழிப்போக்கர்கள் உள்ளிட்ட எட்டு வகையினர் என்று 9:60 வசனம் வரையறுத்துள்ளது. கட்டடப் பழுது அதில் இல்லை. கொடுத்தவர் அமானிதமாக ஒப்படைத்த பணம் இது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. புரோகிராமர் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி. பணத்தை ஒரே பெட்டியில் போட்ட அமைப்புதான் தவறு.

திருத்திய படம் இப்படி வரும்:

• நிதி என்ற பொதுக் கிளாஸ். அதில் இருப்பு என்ற விவரமும், வரவு வை, வழங்கலாமா, வழங்கு என்ற வேலைகளும். நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் இது. அதன் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதுவது மரபு.

• ஜகாத் நிதி, ஸதகா நிதி என்ற இரு கிளாஸ்கள். இவை நிதியின் வகைகள். இவற்றிலிருந்து நிதியை நோக்கி, நுனியில் வெற்று முக்கோணம் உள்ள கோடு வரைய வேண்டும். இன்ஹெரிட்டன்ஸ் உறவின் குறியீடு அது. ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனி இருப்பு. ஜகாத் நிதி மட்டும் "வழங்கலாமா" என்ற வேலையைத் தன் விதிப்படி மாற்றி எழுதிக்கொள்ளும்.

• வழங்கல் என்ற கிளாஸ். ஒவ்வொரு வழங்கலும் ஒரே ஒரு நிதியிலிருந்துதான் வர வேண்டும். எனவே கோட்டின் நிதிப் பக்க முனையில் 1 என்றும், வழங்கல் பக்க முனையில் 0..* என்றும் எழுதுகிறோம். 0..* என்றால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், எத்தனையும் இருக்கலாம் என்று பொருள்.

இந்த எண்களுக்கு மல்டிப்ளிசிட்டி என்று பெயர். மாணவர்கள் அலட்சியமாக விட்டுவிடும் இடமும், அனுபவசாலிகள் முதலில் பார்க்கும் இடமும் இதுதான். ஒவ்வொரு முனையிலும் எண் போடும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஒரு ரசீது ஒரே நிதிக்குத்தானா? பொருளாளரிடம் கேட்டால், "இல்லையே, ரமழானில் ஒருவரே ரூ.3,000 தந்து, இரண்டாயிரம் ஜகாத், ஆயிரம் ஸதகா என்பாரே" என்று சொல்லக்கூடும். உடனே படம் மாறும். ரசீது என்ற கிளாஸுக்குள் ரசீது வரி என்ற கிளாஸ் வரும். ஒரு ரசீதுக்கு 1..* வரிகள், ஒவ்வொரு வரியும் ஒரே நிதிக்கு. ரசீது இல்லாமல் வரி தனியே இருக்க முடியாது என்பதால், ரசீதுப் பக்கம் நிரப்பிய கறுப்பு வைர வடிவம் வரும். இது காம்போசிஷன். வைரம் வெற்றாக இருந்தால் அக்ரிகேஷன். முழுமையிலிருந்து பகுதி பிரிந்தும் வாழலாம் என்ற தளர்வான உறவு.

விவரங்களுக்கு முன் வரும் குறிகளையும் அறிந்துகொள்ளுங்கள். கூட்டல் குறி போட்டால் எந்தக் கிளாஸும் அதைத் தொடலாம். கழித்தல் குறி போட்டால் அந்தக் கிளாஸ் மட்டுமே தொடலாம். ஹாஷ் குறி போட்டால் அதுவும் அதன் வழிவந்த கிளாஸ்களும் தொடலாம். இருப்பு என்பதற்கு முன் கழித்தல் குறி அவசியம்; வெளியிலிருந்து யாரும் நேரடியாக எண்ணை மாற்றிவிடக் கூடாது. ஆனால் இது கோடுக்குள் நடக்கும் பாதுகாப்பு மட்டுமே. எந்த மனிதர் எந்தத் திரையைப் பார்க்கலாம் என்பது வேறு விஷயம்; அதை முதல் படத்தில் பார்த்தோம்.

படம் 3: சீக்வென்ஸ்

ஒரு யூஸ் கேஸ் நடக்கும்போது எந்த ஆப்ஜெக்ட் எதனிடம் என்ன கேட்கிறது என்பதை நேர வரிசையில் காட்டும் படம். மேலே ஆப்ஜெக்ட்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கீழ்நோக்கி விட்டுவிட்ட கோடு இழுக்க வேண்டும். கேள்விக்கு முழுக் கோட்டு அம்பு. பதிலுக்கு விட்டுவிட்ட கோட்டு அம்பு. மேலிருந்து கீழே காலம் நகர்கிறது.

உதவி வழங்குதலை வரைவோம்:

1. பொருளாளர், வழங்கல் திரையிடம்: இந்த விண்ணப்பத்துக்கு இவ்வளவு தொகை வழங்கு.
2. திரை, விண்ணப்பத்திடம்: உன் நிலை என்ன? பதில்: ஏற்கப்பட்டது.
3. திரை, ஜகாத் நிதியிடம்: இந்த விண்ணப்பத்துக்கு இத்தொகையை வழங்கு.
4. ஜகாத் நிதி தன்னிடமே: வழங்கலாமா? இருப்பையும், தேர்வுக் குழு பதிந்த தகுதி வகையையும் பார்க்கிறது.
5. ஆம் எனில் இருப்பைக் குறைத்து, வழங்கல் ஒன்றைப் பதிகிறது. இல்லை எனில் காரணத்துடன் மறுக்கிறது.

ஐந்தாவது படியின் இரு கிளைகளையும் ஆல்ட் என்ற பெயருள்ள சட்டத்துக்குள் வரைவோம்.

நான்காவது படியைக் கவனியுங்கள். தகுதி பார்க்கும் வேலையைத் திரையே செய்துவிடலாமே என்று தோன்றும். இன்று அது வேலை செய்யும். அடுத்த ஆண்டு மொபைல் ஆப் ஒன்று வரும். அதை எழுதுபவர் அந்தச் சோதனையை மறந்துவிடுவார். சோதனை நிதியிடமே இருந்தால், எந்த வழியாக வந்தாலும் அதைத் தாண்டித்தான் பணம் வெளியேற முடியும். தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே பொறுப்பையும் கொடு என்பது ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைனின் அடிப்படைப் பாடம்.

ஒருவர் ஜகாத் பெறத் தகுதியானவரா என்ற முடிவை மென்பொருள் எடுப்பதில்லை என்பதையும் இப்படம் காட்டுகிறது. ஆலிம்களின் வழிகாட்டலுடன் தேர்வுக் குழு முடிவு செய்து பதிகிறது. அந்தப் பதிவு இல்லாமல் பணம் போகாதபடி மென்பொருள் காவல் நிற்கிறது. எது மனிதரின் முடிவு, எது கணினியின் வேலை என்ற எல்லையைத் தெளிவாக வரைந்து வைப்பது நல்லது.

படம் 4: ஸ்டேட் மெஷின்

ஓர் ஆப்ஜெக்ட் தன் வாழ்நாளில் எந்தெந்த நிலைகளைக் கடக்கிறது என்பதைக் காட்டுவது. கறுப்புப் புள்ளியில் தொடக்கம், வட்டத்துக்குள் புள்ளியில் முடிவு, முனை மழுங்கிய செவ்வகங்களில் நிலைகள். விண்ணப்பம் பெறப்பட்டது, பரிசீலனையில், ஏற்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது, வழங்கப்பட்டது.

இப்படத்தில் இல்லாத அம்புகளும் முக்கியம். வழங்கப்பட்டது என்ற நிலையிலிருந்து ஏற்கப்பட்டது என்ற நிலைக்குத் திரும்பும் அம்பு இல்லை. எனவே ஒரே விண்ணப்பத்துக்கு இருமுறை பணம் போகாது. மறுக்கப்பட்டதிலிருந்து பரிசீலனைக்குத் திரும்ப அம்பு உண்டா? மேல்முறையீடு உண்டா என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். கேட்டு வரையுங்கள்.

படம் வரைவது இன்றும் தேவையா?

நியாயமான கேள்வி. 2001-ல் அஜைல் அறிக்கை வந்தபின், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் படம் வரைந்துவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம் குறைந்துவிட்டது. கோட் மாறும், படத்தை யாரும் திருத்த மாட்டார்கள், சில மாதங்களில் படம் பொய்யாகிவிடும். இக்குறை உண்மையானதே. யு.எம்.எல்.லை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம் என்று மார்ட்டின் ஃபவுலர் பிரித்துக் காட்டினார்: பேசிப் புரிந்துகொள்ள வரையும் ஸ்கெட்ச், முழு விவரத்துடன் கூடிய புளூபிரின்ட், படத்திலிருந்தே நிரலை உருவாக்கும் முறை. இவற்றில் அன்றாடம் பயன்படுவது ஸ்கெட்ச்தான். ஒரு வெள்ளைப் பலகை, பத்து நிமிடம், நான்கைந்து செவ்வகங்கள். வேலை முடிந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு அழித்துவிடலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் கோட் எழுதித் தருகின்றன. "நன்கொடைக் கணக்கு மென்பொருள் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், மேலே பார்த்த ஒற்றை இருப்பு அமைப்பையே அவை தந்துவிடக்கூடும். ஜகாத்தும் ஸதகாவும் கலக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கோட் மலிவாகும்போது, எதை எழுதச் சொல்வது என்று தெளிவாகத் தெரிந்தவரின் தேவை கூடுகிறது.

எப்படிப் பழகுவது?

பென்சிலும் தாளும் போதும். கணினியில் வரைய விரும்பினால் பிளான்ட்யு.எம்.எல். இலவசம், எழுத்தாகத் தட்டச்சு செய்தால் அதுவே படமாக்கித் தரும். டிரா டாட் ஐ.ஓ.வும் இலவசமே. காரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் நடத்திய ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன் பாட வீடியோக்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நூல்களில் கிரெய்க் லார்மனின் அப்ளையிங் யு.எம்.எல். அண்ட் பேட்டர்ன்ஸ் விரிவானது. மார்ட்டின் ஃபவுலரின் யு.எம்.எல். டிஸ்டில்டு சுருக்கமானது.

பயிற்சிக்கு மூன்று தலைப்புகள்:

1. நம் நூலகத்தில் நூல் இரவல்: ஒரே தலைப்பில் மூன்று பிரதிகள் இருந்தால், நூலும் பிரதியும் ஒரே கிளாஸா, இரண்டா?
2. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணச்சீட்டு: காத்திருப்பு, ஆர்.ஏ.சி., உறுதி, ரத்து ஆகிய நிலைகளுக்கு ஸ்டேட் மெஷின் வரையுங்கள்.
3. கர்ழன் ஹஸனா எனும் அழகிய கடன்: கொடுத்த தொகை தவணைகளாகத் திரும்பி வரும். மேலே வரைந்த நிதிப் படத்தில் இதை எங்கே சேர்ப்பீர்கள்? பழைய கிளாஸ்களைக் குலைக்காமல் சேர்க்க முடிந்தால் உங்கள் டிசைன் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

வரைந்து முடித்ததும் அதை இன்னொரு மாணவரிடம் காட்டி நிறுத்திவிடாதீர்கள். நூலகரிடம், பொருளாளரிடம், அந்த வேலையைத் தினமும் செய்பவரிடம் காட்டுங்கள். நமதூரில் வீடு கட்டும்போது பிளானை வீட்டுப் பெண்களிடம் காட்டினால், "முடுக்குப் பக்கம் வாசல் எங்கே?" என்று ஒரே பார்வையில் கேட்டுவிடுவார்கள். சுவர் எழும்புமுன் கேட்டால் அழிப்பானால் திருத்தலாம். எழும்பியபின் கேட்டால் இடிக்க வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி வந்தால் மகிழுங்கள். படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

பிறருடைய பணமும் மானமும் நாம் எழுதும் மென்பொருளில் அமானிதமாக இருக்கின்றன. அதை உணர்ந்து கற்கும் நல்ல தலைமுறையை எல்லாம் வல்ல அல்லாஹ் நமதூருக்குத் தந்தருள்வானாக, ஆமீன்.